தேயாத துத்தநாகம்

"என் தங்கச்சி கூலரைத் தின்னுறா. ரெண்டு வருஷத்துல மூணு."

ஹால்ஸ்டைன் இதைச் சொன்னது செவ்வாய்க்கிழமை காலை, மீன் ஆலை கேண்டீனில், பதினைந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது. வீட்டில் சொல்லியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். எங்கள் ஷெல்விக் துறைமுகத்தில் எது நல்ல படகு, யார் உதவாத ஆள் என்பதெல்லாம் முடிவாவது அந்தக் கேண்டீனில்தான். அங்கே ஒரு பேச்சு விழுந்தால் மதியத்துக்குள் தீவின் மறுமுனைக்குப் போய்விடும்.

நான் மூலையில் உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்ன மூன்றாவது கூலர், படகு எஞ்சினைக் குளிர்விக்கிற உருளை, அப்போது என் பட்டறை மேசைமேல் கிடந்தது. நான் விக்டிஸ். வயது இருபத்து நான்கு, படகு எஞ்சின் பட்டறையில் வேலை, பித்தளையைக் கண்டால் கை சும்மா இருக்காது. போன மாதம் இதே கேண்டீன் குழாயைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்துத் திட்டு வாங்கினேன். குழாய் நல்ல குழாய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹால்ஸ்டைன் 'தெர்னா' படகின் சொந்தக்காரர், கேப்டனும் அவரே. போர்கில் அவருடைய தங்கை. ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வருடமாகத் தெர்னாவின் எஞ்சின் அறை அவர் கையில்தான் இருக்கிறது.

"எஞ்சினுக்கு வேற ஆள் சொல்லியாச்சு. எஸ்பென்னு ஒருத்தன், போடோவுலருந்து. வியாழக்கிழமை பஸ்ல வர்றான்," என்றார் ஹால்ஸ்டைன்.

"அப்ப போர்கில்?" என்று கேட்டார் ஓட்முன். தெர்னாவுக்குப் பக்கத்தில் படகு கட்டுகிறவர். எங்கே புகை தெரிந்தாலும் ஊதிப் பார்ப்பார்.

"கரையில உக்காந்து தூண்டில்ல இரை கோக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. இரை கோப்பது கேவலமான வேலை இல்லை, எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைச் செய்தே பள்ளிக்கூடம் முடித்தோம். ஆனால் பத்தொன்பது வருடம் கடலுக்குப் போனவரைப் பார்த்து அதைச் சொன்னால், படகை விட்டு இறங்கு என்று அர்த்தம்.

வெளியே தென்மேற்குக் காற்று ஆலையின் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வியாழன் மதியம் அடங்கும் என்று வானிலை சொன்னது. முட்டையிட வரும் பெரிய காட் மீன் கூட்டம் வெளியே வந்துவிட்டது, காற்று விழுந்த நிமிடம் எல்லாப் படகும் கிளம்பும். ஆக வியாழன் மதியம் வரைதான் நேரம். அதற்குள் கூலர் ஏன் செத்தது என்று யாராவது சொன்னால் போர்கில் படகில். சொல்லாவிட்டால் எஸ்பென் படகில்.

யாராவது என்ன, நான்தான். வாஃபிளைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறைக்கு நடந்தேன்.

கூலர் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. தொடை தடிமனில் ஓர் உருளை. உள்ளே நூறு பித்தளைக் குழாய்கள், இரண்டு முனையிலும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் பித்தளைத் தட்டு. குழாய்க்குள் கடல் தண்ணீர் ஓடும். வெளியே எஞ்சினின் சூடான நல்ல தண்ணீர் சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது, சூடு மட்டும் கைமாறும். என்றைக்கு ஓட்டை விழுகிறதோ அன்றைக்கு எஞ்சின் தண்ணீர் உப்புக் கரிக்கும். போர்கில் விரலை விட்டு நக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருந்தார். மூன்று தடவையும் அவரேதான் கண்டுபிடித்தார், ஹால்ஸ்டைனுக்கு அது நினைவில்லை.

முனைத்தட்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. களிம்பைத் துடைத்துக் கத்தியை வைத்துச் சுரண்டினேன். நல்ல பித்தளை என்றால் கீழே மஞ்சள் வரும். இங்கே இளஞ்சிவப்பு வந்தது, சால்மன் மீனின் வயிற்றுப் பக்கம் மாதிரி. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கத்தி முனை உள்ளே இறங்கியது, காய்ந்த ரொட்டிக்குள் இறங்குகிற மாதிரி.

இதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வரும். தப்புதான், ஆனால் வரும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. கடல் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுச் செம்பை அப்படியே விட்டுப் போகும். அளவு மாறாது, உருவம் மாறாது, தூரத்திலிருந்து பார்த்தால் முழுத் தட்டு. தட்டிப் பார்த்தால்தான் தெரியும், மணி மாதிரி ஒலிக்க வேண்டியது மரக்கட்டை மாதிரி 'டொக்' என்னும். கடல் இவ்வளவு நிதானமாகத் திருடும் என்பதை நினைத்தால் அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிடும்.

"புதுசு மாட்டிட்டு வா, போதும்," என்றார் பட்டறை முதலாளி.

"ஏன் போச்சுன்னு பாக்க வேண்டாமா?"

"நாம கூலர் விக்கிறவங்க, விக்டிஸ். துப்பறியிறவங்க இல்ல."

மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு தெர்னாவுக்குப் போனேன்.

தெர்னாவின் எஞ்சின் அறையில் தரையில் விழுந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிடலாம். சும்மா சொல்லவில்லை, நானே சாப்பிட்டிருக்கிறேன். ஸ்பானர்கள் அளவுவாரியாகத் தொங்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நிறம். எண்ணெய்ச் சொட்டு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. போர்கில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து கூலர் இருந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேண்டீன்ல இருந்தியா?" என்று கேட்டார்.

"இருந்தேன்."

"பதினஞ்சு பேரா?"

"பதினஞ்சு."

"எனக்கு பதினெட்டுன்னு வந்துச்சு. ஊரு அதுக்குள்ள மூணு பேரைச் சேத்துடுச்சு." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, என்ன கொண்டு வந்திருக்க? ஆறுதலா, மீட்டரா?"

"மீட்டர்."

"அப்ப உள்ள வா."

ஷெல்விக்கில் எந்த உலோகம் அரித்தாலும் முதல் பழி கரையிலிருந்து படகுக்கு வரும் மின்கம்பிமேல் விழும். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கம்பியைச் செருகி அளந்தேன், பிடுங்கி அளந்தேன், ஹீட்டரைப் போட்டு அளந்தேன். சுத்தம். கசிவு என்று சொல்ல ஒரு துளியும் இல்லை.

"பாவம் கரண்ட்டு," என்றார் போர்கில். "நாப்பது வருஷமா எல்லார்கிட்டயும் திட்டு வாங்குது."

அடுத்தது தண்ணீர். தெர்னா கட்டும் இடம் மீன் ஆலையின் கழிவுக் குழாயிலிருந்து முப்பது மீட்டர். வாளியில் மொண்டு முகர்ந்தேன். அழுகின முட்டை. அந்த நாற்றம் பித்தளைக்கு எமன். காற்றடிக்கும் நாட்களில் படகு சும்மா கிடக்க, அதே தண்ணீர் கூலருக்குள் தேங்கி நிற்கும்.

"கிடைச்சிடுச்சு," என்றேன்.

"அவ்வளவு சீக்கிரமா?"

"நான் வேகம்."

"ம். பாத்துட்டேன்."

போவதற்கு முன் போர்கில் அலமாரியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே துத்தநாகக் கம்பிகள் வரிசையாகக் கிடந்தன, பென்சில் தடிமன், சுண்டுவிரல் நீளம். கூலரின் மூடியில் திருகி வைக்கிற கம்பிகள் அவை. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துண்டுத்தாள் ஒட்டியிருந்தது.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாப்பேன். தவறினதே இல்ல. இது எட்டு மாசம் உள்ள இருந்தது. பாரு."

வாங்கிப் பார்த்தேன். கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. முனை கூர்மையாக, பக்கம் வழவழப்பாக.

"அடேயப்பா, புதுசு மாதிரி வச்சிருக்கீங்க," என்றேன்.

போர்கில் முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "இதைத்தான் அவன்கிட்ட காட்டணும்னு இருக்கேன். கவனிக்காதவ ஜிங்க் இப்படியா இருக்கும்?"

"இருக்காது," என்றேன், முழு நம்பிக்கையோடு. அந்த வார்த்தைக்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

ஹால்ஸ்டைன் வலைக் கொட்டகையில் இருந்தார். ஆலைத் தண்ணீர், கந்தக நாற்றம், தேங்கி நிற்பது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு வலை தைக்கும் ஊசியை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கைகாட்டினார்.

"அது யாரு படகு?"

"ஓட்முனோடது."

"எங்க நிக்குது?"

"உங்க படகுக்குப் பக்கத்துல."

"அவன் கூலர் எத்தனை வருஷம்?"

எனக்குத் தெரியும். நான்தான் மாட்டினேன். "ஆறு."

"அதே கம்பெனியா?"

"அதே."

"ரெண்டு படகுக்கு நடுவுல கடல் கோடு போட்டு வச்சிருக்கா, இந்தப் பக்கம் நாத்தம், அந்தப் பக்கம் வாசம்னு?" ஊசியை மறுபடி எடுத்தார். "போர்கில் உன்னைப் பேசச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்பாடா. அவ இதைவிட நல்லா பேசுவா."

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

புதன்கிழமை வெளிச்சம் வந்தவுடன் ஓட்முன் படகில் ஏறினேன். காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது.

"உங்க கூலரைத் திறந்து பாக்கணும்."

"ஏன், என் கூலர் என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பாக்கணும்."

ஓட்முன் எஞ்சின் அறையைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது மரியாதை. தரையில் பாதி எண்ணெய், மீதி காலுறை. கூலர் மூடியின் திருகைச் சுற்றி உப்பு வழிந்து, காய்ந்து, பச்சையும் வெள்ளையுமாகத் தாடி விட்டிருந்தது. துத்தநாகக் கம்பியைக் கழற்றினேன். கம்பி என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. எலி கடித்த மெழுகுவர்த்தி மாதிரி ஒரு துண்டு, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"எப்ப போட்டீங்க?"

"செப்டம்பர்ல. வருஷத்துக்கு ரெண்டு தின்னுது, தரித்திரம். போர்கில்கிட்ட பாரு, அவளோடது தேயறதே இல்ல. அவளுக்குக் கை ராசி."

நான் கூலர் மூடியைத் திறந்து கத்தியால் தட்டைச் சுரண்டினேன். மஞ்சள். பளீரென்று, ஆறு வருடம் அதே அழுகின முட்டைத் தண்ணீரில் கிடந்த மஞ்சள்.

ஒரு கையில் பொடிந்த துண்டு, எதிரே மஞ்சள் தட்டு. அப்போதுதான் உறைத்தது.

துத்தநாகக் கம்பியைக் கூலருக்குள் வைப்பதே அது அழியட்டும் என்றுதான். அது பலியாடு. கடலுக்கு முன்னால் பித்தளையும் துத்தநாகமும் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு நின்றால், கடல் துத்தநாகத்தைத் தின்னும். அது தீரும்வரை பித்தளைப் பக்கம் போகாது. பலியாடு கொழுகொழுவென்று திரும்பி வருகிறது என்றால் வேறு யாரோ வெட்டுப்பட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நான் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனால் கம்பியை மாற்றுவது படகுக்காரர் வேலை, பட்டறைக்குக் கூலர் வரும்போது அதைக் கழற்றிவிட்டே வரும். நேற்று போர்கில் பெட்டியைத் திறந்தபோது அந்த வழவழப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றார் ஓட்முன்.

"உங்க ஜிங்க் ரொம்ப நல்லா இருக்கு."

"கிண்டலா?"

"சத்தியமா இல்ல," என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினேன்.

போர்கில் புதுக் கூலரைத் தூக்கி வைத்து, பட்டை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக வருகிறவன் ஓட்டப்போகிற எஞ்சினுக்கு அவரே கூலர் மாட்டுகிறார். பழைய கூலரின் மூடியிலிருந்து கழற்றி வைத்திருந்த, துத்தநாகக் கம்பி பொருத்திய திருகைக் கேட்டேன். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

திருகின் மரைமேல் வெள்ளை டெஃப்லான் டேப். குழாய் மூட்டில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றுவார்களே, அதுதான். சுருக்கமில்லாமல், ஓரம் பிசிறில்லாமல், பார்க்கவே அழகாக.

"இது யார் சுத்தினது?"

"நான்தான். ஏழு சுத்து. ஏன்?"

"எப்பலருந்து சுத்துறீங்க?"

யோசித்தார். "எஞ்சின் ரூமுக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சேன்ல, அப்பலருந்து. ரெண்டரை வருஷம். திருகுலருந்து உப்பு கசிஞ்சு பச்சைக் கோடு ஓடிட்டே இருந்தது, வெள்ளைப் பெயின்ட்ல அசிங்கமா. டேப் சுத்தினதும் நின்னுடுச்சு."

வரும் வழியில் பட்டறைக்குள் நுழைந்து பழைய கூலரின் மூடியை எடுத்து வந்திருந்தேன், காய்ந்து சுத்தமாக இருந்தது. திருகை அதில் மாட்டி இறுக்கினேன். மீட்டரின் ஒரு முனையைத் துத்தநாகத்தில் வைத்தேன், இன்னொன்றை மூடியில். மீட்டர் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பு இருந்தால் அது 'பீப்' என்று கத்தும். கத்தவில்லை.

திருகைக் கழற்றி டேப்பை உரித்தேன். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்தேன். மறுபடி இறுக்கினேன். மீட்டரை வைத்தேன்.

பீப்.

போர்கில் முட்டாள் இல்லை. விளக்கத் தேவைப்படவில்லை. மீட்டரை என் கையிலிருந்து வாங்கி அவரே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பீப். எடுத்தார். வைத்தார். பீப். பிறகு மரப்பெட்டியைத் திறந்து அந்தப் பளபளப்பான கம்பிகளைப் பார்த்தார்.

"ரெண்டரை வருஷமா," என்றார், "பாதுகாக்கிற ஆளை நான் ரெயின்கோட் போட்டு உக்கார வச்சிருந்திருக்கேன்."

"ஆமா."

"மூணு கூலர்."

"ஆமா."

"இன்னொரு தடவை ஆமான்னு சொன்ன, தண்ணில தள்ளிடுவேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் என்னால் அதிக நேரம் மூட முடியாது. "போர்கில், புதுக் கூலர்ல டேப் இல்லாம மாட்டிடலாம். எதுவும் யாருக்கும் சொல்ல வேண்டாம். ஆலைத் தண்ணினு நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்."

"சொன்னதை அவன் நம்பினானா?"

"நம்பல."

"யோசிச்சுப் பாரு. நான் சொல்லல. டேப் இல்லாம மாட்டறோம். எஸ்பென் வர்றான். கூலர் பத்து வருஷம் நிக்குது. ஊரு என்ன சொல்லும்? போர்கில் இறங்கினா, கூலர் பொழச்சுதுன்னு சொல்லும்." பெட்டியை மூடினார். "சொன்னாலும் நான்தான் குத்தவாளி, சொல்லாட்டியும் நான்தான். அப்ப என் வாயால சொல்ற குத்தமே மேல். அதுக்கு ஒரு காரணமாவது இருக்கு."

அவர் புதுக் கூலரின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். மாலை வெளிச்சம் போகும்வரை தேய்த்தார். தேவைக்கு மேல் நாலு மடங்கு.

வியாழன் காலை பதினொரு மணிக்குக் காற்று பாதியாகிவிட்டது. துறைமுகம் முழுக்க எஞ்சின்கள் இருமத் தொடங்கின. எஸ்பென் தோளில் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தெர்னாவுக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். நல்ல பையன்தான், வந்ததும் மூன்று பேருக்கும் கை கொடுத்தான். மூன்றாவது ஆள் நான், வந்திருக்கவே தேவையில்லை. கூலரைச் சரிபார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி நின்றிருந்தேன்.

போர்கில் எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டினார். "ஹால்ஸ்டைன். கீழ வா. புதுப் பையனும் வரட்டும்."

நாலு பேரும் இறங்கி நின்றால் அங்கே மூச்சு விட இடமில்லை.

"கூலரை நான்தான் கொன்னேன்," என்றார் போர்கில்.

ஹால்ஸ்டைன் புருவத்தைத் தூக்கினார். "அதைத்தான நான் சொன்னேன்."

"நீ கவனிக்கலைனு சொன்ன. நான் ரொம்பக் கவனிச்சதாலதான் செத்துச்சு." திருகை நீட்டினார், உரித்த டேப்போடு. ஏழு சுற்று, பச்சைக் கோடு, வெள்ளைப் பெயின்ட் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மெழுகவில்லை. மீட்டரை வைத்துக் காட்டினார்.

ஹால்ஸ்டைன் உரித்த டேப்பை விரலில் சுற்றிப் பார்த்தார். அவர் பொதுவாகவே பேசாதவர், செவ்வாய்க்கிழமைதான் விதிவிலக்கு. பிறகு மரப்பெட்டியிலிருந்து தேதி ஒட்டிய ஒரு கம்பியை எடுத்து எஸ்பென் கையில் வைத்தார்.

"இது எட்டு மாசம் இந்த எஞ்சின்ல இருந்தது. என்ன சொல்ற?"

எஸ்பென் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலால் தடவினான். போர்கில் பேசியதையெல்லாம் அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான், ஆனால் நெருக்கடியில் பாதி காதில் விழுந்திருக்காது. புது முதலாளியிடம் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற அவசரம் வேறு.

"நல்ல கண்டிஷன். இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்," என்றான்.

போர்கில் கூரையைப் பார்த்தார். நான் என் பூட்ஸைப் பார்த்தேன். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பாதி வெட்கம், பாதி நிம்மதி.

"மீன் குடல் எடுப்பியா?" என்று கேட்டார் ஹால்ஸ்டைன்.

"எடுப்பேன். வேகமா எடுப்பேன்."

"அப்ப மேல போ. டெக்குல உனக்கு வேலை இருக்கு."

எஸ்பென் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். ஏதோ ஒன்று நடந்துவிட்டது, அது தனக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்று புரிந்ததும் ஏணியில் ஏறினான்.

ஹால்ஸ்டைன் தங்கையைப் பார்த்தார். "இனிமே அந்தத் தப்பை இந்த ஊர்ல உன்னைவிட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்ல. கிளம்பலாம். காற்று விழுந்துடுச்சு."

"இரு," என்றார் போர்கில். கையைக் கட்டிக்கொண்டு எஞ்சினில் சாய்ந்தார். "என்னை எங்க வச்சு இறக்கின?"

"என்ன?"

"கேண்டீன்ல வச்சு இறக்கின. இங்க, ஏணிக்குக் கீழ வச்சு ஏத்தினா கணக்கு நேராகுமா? என் தப்பை என் வாயால சொல்லிட்டேன். உன்னோடது பாக்கி."

"போர்கில், எல்லாப் படகும் கிளம்புது."

"கேண்டீன்ல இன்னும் பத்துப் பேராவது இருப்பாங்க. பத்து போதும். நான் பேராசைக்காரி இல்ல."

"மீனு காத்திருக்காது."

"ஆமா. அதனால வேகமா நட."

ஹால்ஸ்டைன் பத்து மீட்டர் அலையில் சுக்கான் பிடிக்கத் தயங்காதவர். ஆனால் அந்த ஏணியில் ஏறிய விதத்தைப் பார்த்தால், அலையே தேவலை என்று நினைப்பது தெரிந்தது. நான் பின்னாலேயே போனேன். யாரும் கூப்பிடவில்லை. இதை விட்டால் நான் நானே இல்லை.

கேண்டீனில் பதினொரு பேர் இருந்தார்கள், கிளம்புவதற்கு முன் கடைசிக் காபியோடு. ஹால்ஸ்டைன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பி இல்லாமல் நிற்பதை எங்கள் ஊர் கல்லறைத் தோட்டத்தில்தான் பார்த்திருக்கிறது, அதனால் பேச்சு சட்டென்று அடங்கியது.

"கூலர் விஷயம்," என்றார். தொண்டையைச் சரி செய்துகொண்டார். "செவ்வாக்கிழமை நான் சொன்னது தப்பு. அது ஏன் கெட்டதுன்னு போர்கில் கண்டுபிடிச்சிட்டா. ஜிங்க் திருகுல டேப் சுத்தினா ஜிங்க் வேலை செய்யாது. அவ சுத்திட்டா, அவளே சொல்றா. எஞ்சின் ரூம் அவளோடதுதான்." போவதற்குத் திரும்பியவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார். "உங்க ஜிங்க் புதுசு மாதிரி இருந்தா சந்தோஷப்படாதீங்க."

யாரும் கைதட்டவில்லை, யாரும் கிண்டலும் பண்ணவில்லை. ஓட்முன்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு மூலை மேசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனார். அடுத்து இரண்டு பேர். அப்புறம் இன்னொருவர். யாரும் ஓடவில்லை, ஷெல்விக்கில் யாரும் ஓடுவதில்லை. ஆனால் நாலு கோப்பைகளில் காபி பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

போர்கிலின் சுத்தமான எஞ்சின் அறையைப் பார்த்து எங்கள் ஊரில் பொறாமைப்படாத ஆள் இல்லை. பார்த்தவர்கள் தங்கள் திருகிலும் டேப் சுற்றாமல் இருந்திருப்பார்களா?

மதியம் ஒரு மணிக்குத் தெர்னா அலைத்தடுப்பைத் தாண்டியது. நான் பட்டறைக்குப் போய் ரேடியோவைத் திறந்து வைத்தேன். முதலாளி முறைத்தார், ஆனால் அவரும் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். முதலில் வலையைப் பற்றியும் ஆழத்தைப் பற்றியும் வழக்கமான பேச்சு. பிறகு ஒரு குரல், கேண்டீனில் முதலில் எழுந்தவருடையது, கொஞ்சம் தணிந்து வந்தது.

"தெர்னா, தெர்னா. போர்கில் இருக்காளா?"

"எஞ்சின்கிட்ட இருக்கேன். சொல்லு."

"அந்தத் திருகு... எத்தனாம் நம்பர் ஸ்பானர்?"

"இருபத்திரெண்டு. டேப்பை உரிச்சா மட்டும் போதாது, மரையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய். எஞ்சினை நிறுத்திட்டுத் தட்டையும் சுரண்டிப் பாரு. சிவப்பா இருந்தா திரும்பி வந்துடு, விக்டிஸ் பட்டறையிலதான் இருப்பா."

அரை மணி நேரம் இரைச்சல் மட்டும்.

"கொஞ்சம் சிவப்பாத்தான் இருக்கு," என்றது குரல்.

"கொஞ்சம்னா?"

"கத்தி உள்ள போகுது."

"அப்ப கொஞ்சம் இல்ல," என்றார் போர்கில். "மெதுவா திரும்பு. அடுத்தது யாரு?"